கசப்பிலைச் செடியின் மறுபக்கம்

பெயர்: ஹன்சத்து. வயது: ஐம்பதுக்கு மேல், சரியாகத் தெரியாது. முகவரி: ஸாரியா, துதுன் வாடா, வெங்காயச் சந்தைக்குப் பின்தெரு. தொழில்: வீட்டில் காராமணி வடை சுட்டு விற்பது. யாரும் தூண்டாமல், நானாக வந்து, சார்ஜென்ட் முன்பாகச் சொல்வது.

நான் இறந்தவரின் மூத்த மனைவி. அவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. புகாரில் மாலம் தன்லாமி என்று எழுதியிருக்கிறது, அது அவர்தான். தங்கள் காவலில் இருக்கும் ஜும்மை அவருடைய இளைய மனைவி. அவள் அவருக்கு விஷம் கொடுத்துக் கொன்றதாக என் கொழுந்தன் இலியாசு புகார் கொடுத்திருக்கிறார். நாளை அவளைக் கோர்ட்டுக்கு அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டு வந்தேன். கணவர் இறந்து வீட்டோடு இத்தா இருக்கும் நான் வாசல் தாண்டியதைத் தெரு பேசும், பேசட்டும். ஜும்மையின் பெண் குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. இதைச் சொல்லும்போது அது என் முதுகில் கட்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் முறை உண்டு. இரண்டு நாள் என் முறை, இரண்டு நாள் அவள் முறை. முறைக்காரி சமைப்பாள், அவர் அவள் அறையில் தங்குவார். மற்றவள் முறையில் என்ன நடந்தது என்று கேட்பது மானக்கேடு. நானும் ஜும்மையும் சண்டையே போட்டதில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சண்டை போடும் அளவுக்கு நாங்கள் பேசிக்கொண்டதில்லை என்பதுதான் நிஜம். ஆனால் யார் முறையானாலும் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் அவர் என் அறை வாசலுக்கு வந்து, ஒரு தடவை இருமிவிட்டு, சலாம் சொல்லி உள்ளே வருவார். மூத்தவளுக்குச் செய்யும் மரியாதை அது.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மாத்திரை சாப்பிட்டு வந்தார். போன அறுவடைக் காலத்தில் சந்தையில் யாரோ சொல்லி, கசப்பிலைச் சாறு குடிக்க ஆசைப்பட்டார். கொல்லையில் செடி இருக்கிறது. குழம்புக்கு என்றால் அந்த இலையைக் கசக்கி முதல் சாற்றைக் கொட்டிவிடுவோம், மருந்துக்கு என்றால் முதல் சாறுதான். எனக்குப் பயமாக இருந்ததால் குடிப்பதற்கு முன் கிளினிக்கில் கேட்போம் என்று சொல்லி அவருடன் போனேன். அங்கே நர்ஸ் ரூத் அம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "இலைச்சாறு குடிங்க, வேணாங்கல. ஆனா மாத்திரையும் சக்கரையக் கொறைக்கும், இதுவும் கொறைக்கும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. வெறும் வயித்துல குடிக்கக் கூடாது. சின்ன டம்ளர் ஒண்ணு, நாளைக்கு ஒரு தடவ, அவ்ளோதான். வேர்த்துக் கொட்டுனா, தல சுத்துனா, சக்கரையக் கரைச்சுக் குடிச்சுட்டு இங்க ஓடி வாங்க." அதன் பிறகு அந்த அம்மா, "வீட்ல வேற யாராச்சும் வேற ஏதாச்சும் மருந்து குடுக்கறாங்களா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எனக்கு இந்த ஒரு கைதான்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு தினமும் காலையில் கூழும் வடையும் கொடுத்து, அவர் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு சின்ன டம்ளர் கொடுத்து வந்தேன். அவர் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "ஒங்கையால பிழிஞ்சாக் கசக்கவே மாட்டேங்குது" என்பார். "சின்னவளுக்குத் தெரிய வேணாம், பாவம் ஏங்கிப் போயிருவா" என்றும் சொல்லியிருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

இடையில் ஒரு விஷயம். செடியில் நான் சுவர்ப் பக்கம் பறிப்பேன். மறுபக்கமும் மொட்டையாகிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டு ஆடுதான் என்று நினைத்து அந்த ஆட்டுக்காரியிடம் சண்டைக்குப் போனேன். "எங்காடு என்ன கிறுக்கா, அந்தக் கசப்பத் திங்க? ஒன் நாக்குல தடவிப் பாரு" என்று அவள் கேட்டாள். அப்படியும் எனக்கு விளங்கவில்லை. முள் வெட்டிப் போட்டு வேலி கட்டினேன். வேலிக்குள்ளும் இலை குறைந்தது.

சம்பவ நாளன்று அவர் என்னிடம் காலையில் சாப்பிட்டு, சாறு குடித்து, மாத்திரை போட்டுக்கொண்டு, ஃபுன்துவா ஊரில் ஒரு ஜனாஸா அடக்கத்துக்குப் போனார். வழியில் வண்டி பழுதாகி, பகல் முழுவதும் ஒன்றும் சாப்பிடாமல் பொழுது சாய்ந்து மஃரிபுக்குத்தான் வீடு வந்தார். அன்றுதான் முறை மாறி ஜும்மையிடம் போயிருந்தது. அவள் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு அவர் அவள் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவள் என் வாசலுக்கு வந்து, "அக்கா, கொளறறாரு. என்னைய ஒங்க பேர் சொல்லிக் கூப்புடறாரு. ஒடம்பெல்லாம் தண்ணியா ஊத்துது" என்றாள். அவள் முறையில் அவள் அறைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவர் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது, கை குளிர்ந்திருந்தது. சர்க்கரையை விரலில் குழைத்து உதட்டின் உள்ளே தடவினேன். அது அப்படியே வெளியே வழிந்தது. அதன் பிறகு வெங்காய லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டும் எழுந்திருக்கவில்லை.

என்ன குடித்தார் என்று டாக்டர் கேட்டபோது, காலையில் என் கையால் ஒரு டம்ளர் இலைச்சாறு என்று சொன்னேன். ஜும்மை முக்காட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அடக்கம் முடிந்த பிறகு இலியாசு அவள் கட்டிலுக்குப் பின்னால் துணி சுற்றி ஒளித்து வைத்திருந்த கோப்பையை எடுத்து வந்து, "மோந்து பாருங்க அண்ணி, இது வெசம் இல்லாம வேற என்ன?" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார். முகர்ந்ததும் அது என்ன என்று எனக்குத் தெரிந்தது. அவள் கையில் அது எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை. கோப்பையை வாங்கி மறுபடி முகர்ந்து பார்த்தேன். அதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்று குழந்தைக்குப் பால் கொடுக்க இங்கே கொண்டுவந்தேன். கம்பிக்கு உள்ளே உட்கார்ந்து பால் கொடுத்தபடி ஜும்மை சொன்னாள். தினமும் பொழுது சாய்ந்ததும், என் முறையிலும்கூட, குழந்தையைப் பார்க்கும் சாக்கில் அவர் அவளிடம் போய் ஒரு கோப்பை இலைச்சாறு குடித்திருக்கிறார். சாப்பிட்ட பிறகுதான் குடிக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அன்று களி வேகவில்லை என்று சாற்றை முதலில் கொடுத்திருக்கிறாள். மாலை மாத்திரையும் போட்டிருக்கிறார். "ஆஸ்பத்திரியில ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "எப்படிச் சொல்லுவேன்? நீங்க பக்கத்துல நிக்கறீங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிரும், சொல்லாதன்னு வாக்கு வாங்கிட்டாரு. ஒங்கையால பிழிஞ்சாக் கசக்கவே மாட்டேங்குதும்பாரு அக்கா" என்றாள். என் மனம் உடைந்தது வாஸ்தவம். இறந்துபோன மனுஷன் மேல் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்தது.

இன்று காலை சுபுஹு முடிந்ததும் என் வாசலில் இருமல் கேட்டது. அடக்கம் செய்த மறுநாளிலிருந்தே கேட்கிறது. கேட்டதும் என்னை அறியாமல் கொல்லைக்குப் போய் இலை பறித்துப் பிழிந்துவிடுகிறேன். டம்ளரில் ஊற்றிய பிறகுதான் நினைவு வந்து, செடியடியிலேயே கொட்டுகிறேன். குழந்தை அழுதபோது விரலை வாயில் வைத்தேன். அது முகம் சுளிக்காமல் சப்பியது. அம்மாவின் விரலிலும் அதே கசப்பைத்தானே அது சப்பியிருக்கும்.

ஜும்மை கொடுத்தது விஷம் இல்லை. நான் கொடுத்த அதே இலை, அதே செடியின் மறுபக்கம். அவள் கொடுத்தது குற்றம் என்றால் நான் கொடுத்ததும் குற்றம், இருவரையும் சேர்த்து எழுதிக்கொள்ளவும். ரூத் அம்மாவையும் கூப்பிட்டு விசாரிக்கவும். ஒரு டம்ளர் என்றால் ஒரு டம்ளர் என்று இறந்தவருக்குத் தெரியும், நர்ஸ் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவர் அவர்தான். எங்களில் யாரையும் அவரால் வருத்தப்படுத்த முடியவில்லை. கசக்கவே மாட்டேங்குது என்ற அந்த வார்த்தையை எங்களில் யாரிடம் முதலில் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. ஜும்மையிடம் நான் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை.

நான் சொன்னபடியே எழுதி, எங்கள் பாஷையில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை. கணவன் மனைவி பேச்சு வழக்குக்குத் தேவையில்லை, அடித்துவிடலாம் என்று சார்ஜென்ட் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தார். கேட்டுக்கொண்டு ரேகை வைத்தேன்.

(ஹன்சத்து, வலது பெருவிரல் ரேகை)