கிளம்பும்போது சொல்வது

வீட்டுக்கு கார்பெட் போட ஆள் கூப்பிட்டால், முதல் நாள் அவர்கள் கார்பெட்டைப் பிரிக்கவே மாட்டார்கள். இது பலருக்குத் தெரியாது. முதல் நாள் முழுக்கத் தரை வேலைதான். சோபா, டிவி, பீரோ எல்லாவற்றையும் வெளியே எடுப்போம். தரையில் ஒட்டியிருக்கும் பெயிண்ட், சிமெண்ட் துளிகளைச் சுரண்டுவோம். பெருக்கித் துடைத்துக் காய விடுவோம். தரை சுக்காகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பசை பிடிக்காது.

என் பெயர் மதுரைவீரன், ஊர் வல்லத்திராக்கோட்டை. பதினெட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். லாட்ஜ், நகைக்கடை, வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டிய வீடு என்று புதுக்கோட்டைச் சுற்று வட்டாரத்தில் நான் மண்டியிடாத கூடம் குறைவு. துணைக்கு நாகராசு அண்ணன் மட்டும் வருவார். நடந்ததில் அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கறம்பக்குடி வீட்டில் தீப்பிடித்து அந்த மருமகள் இறந்ததை ஏசி கோளாறு என்று நீங்கள் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஏசி மாட்டிய செம்மலை இரண்டு நாளாக இங்கே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவன் ஒழுங்கான வேலைக்காரன். வேலையைச் சரியாகச் செய்தவன் தலையில் பழியைக் கட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் நானே வந்தேன்.

வேலை முடிந்து கிளம்பும்போது வீட்டுக்காரர்களிடம் மூன்று விஷயம் சொல்வோம். இரண்டு நாளைக்கு ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள். அந்த அறையில் யாரும் படுக்காதீர்கள். விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எதையும் பற்றவைக்காதீர்கள். பசை காயும்போது அதிலிருந்து கிளம்பும் ஆவி பெட்ரோல் மாதிரி. அது மேலே போகாது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். இந்த மூன்றையும் சொல்லாமல் நான் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பியதில்லை. அந்த வீட்டில் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் சரவணக்குமார் தோகாவில் இருக்கிறார். அங்கே முதலாளி வீட்டில் பார்த்த மாதிரி, கூடம் முழுக்க சுவரோடு சுவராக கார்பெட் வேண்டும் என்று போனில் கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார். வீட்டில் இருந்தது அவருடைய அப்பா திருப்பதியும், மனைவி இளமதியும்.

முதல் நாள் காலையில் வாசலிலேயே பெரியவர் கேட்டார். "எந்த ஊருப்பா?"

"வல்லத்திராக்கோட்டைங்க."

"வல்லத்திராக்கோட்டையில எங்கிட்டு?"

எதற்குக் கேட்கிறார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தோம். டீ பேப்பர் கப்பில் வந்தது. பேப்பர் கப்புக்கெல்லாம் நான் கோபப்படுகிற ஆள் இல்லை. அதற்குக் கோபப்பட்டிருந்தால் பதினெட்டு வருடம் தொழில் செய்திருக்க முடியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு எங்களை வெளியே நிற்கச் சொன்னார். கூடத்தின் கிழக்குச் சுவரில் சாமி அலமாரி, அதற்கு முன்னால் தரையில் ஒரு குத்துவிளக்கு. இளமதி விளக்கேற்றியதையும், பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கும்பிட்டதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தினமும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எட்டு மணிக்குப் போனால் கூடம் முழுக்க ஈரம். மஞ்சள் வாடை அடித்தது. நான் காயவைத்துவிட்டுப் போன தரை.

"தரைய ஏங்க நனைச்சீங்க?" என்றேன்.

பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நாள் முழுக்க நீங்க பொழங்குன எடம். சாமி இருக்குல்ல, அதான் மஞ்சத்தண்ணி தெளிச்சுக் கழுவச் சொன்னேன். கார்பெட்டு போட்டுட்டா அப்பறம் கழுவ முடியாதுல்ல" என்றார்.

திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. ஊரில் மழை உண்டா என்று கேட்பதைப் போலச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பத்து மணி நேரம் முட்டி தேயத் தேய நான் சுத்தம் செய்த தரை அது. அந்த வீடு கட்டியதிலிருந்து அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. அதில் அவர் கண்ட ஒரே அழுக்கு நான்தான். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. நாகராசு அண்ணன் என் கையைப் பிடித்து, "விடு தம்பி, முடிச்சிட்டுப் போவோம்" என்றார். சரி, முடித்துவிட்டுப் போவோம் என்று நானும் முடிவு செய்தேன்.

மதியம் வரை ஃபேன் போட்டுக் காயவைத்தோம். மூலைகளில் ஈரம் போகவில்லை, அதனால் பசையை இரண்டு தடவை பூசினேன். அது தப்பில்லை, வேலை தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். ஜன்னல்களைத் திறந்துவைத்துத்தான் ஒட்டினோம், இல்லாவிட்டால் மயக்கம் வந்துவிடும். ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்திருந்தது. நாகராசு அண்ணனை வண்டிக்கு அனுப்பிவிட்டு ஏழு ஜன்னல்களையும் இழுத்துச் சாத்தினேன். ஏசிக்காகப் போட்ட ரப்பர் வைத்த கண்ணாடி, காற்று புகாது. குத்துவிளக்கைத் துடைத்து, பழைய இடத்திலேயே கார்பெட் மேல் வைத்தேன். எண்ணெய் பாதி இருந்தது.

பெரியவரை நினைத்துத்தான் செய்தேன். விளக்குக்குப் பக்கத்தில் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன்.

நான் தீ வைக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் வந்தேன், அவ்வளவுதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கிட்டு என்று கேட்கத் தெரிந்த வீட்டில், இதை ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை.

இப்படித்தான் மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று இளமதி ஆஸ்பத்திரியில் இறந்த செய்தி வந்தது. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பின்வாசலில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் மொபெட்டை எடுத்தார். "இந்த நாத்தத்துல தல வலிக்கிது, நீ வெளக்கேத்திரு, நான் கடத்தெருப் பக்கம் போயிட்டு வாரேன்" என்று மருமகளிடம் சொன்னார். அது என் காதில் விழுந்தது. அப்போது ஐந்தரை மணி. உள்ளே போய் ஒரு ஜன்னலைத் திறக்க ஒரு நிமிடம் போதும். நான் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

அப்புறம் இளமதி பின்வாசலுக்கு வந்தது. கையில் டீ. பேப்பர் கப் இல்லை, வீட்டு எவர்சில்வர் டம்ளர்.

"குடிங்கண்ணே. காலையில தரையக் கழுவுனது நான்தான். மாமா சொன்னாக, தட்ட முடியல. மனசுல வச்சுக்காதீங்க."

வாங்கிக் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தது. டம்ளரைக் கழுவக் குழாயடிக்குப் போனேன். "அய்ய, குடுங்கண்ணே" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டது. பிறகு கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது.

"புதுசா போட்டுருக்கு. நாங்க எதும் பாத்து இருந்துக்கணுமாண்ணே?"

"ஒண்ணுமில்லத்தா. எப்பயும்போல இரு" என்றேன்.