படுக்க ஓர் இடம்

— நீ முதல்ல படும்மா. கையை ஆட்டினா ட்ரிப்ஸ் நின்னுடும்னு சிஸ்டர் சொன்னாங்க இல்ல?

— படுத்துக்கிட்டேதான்டி கேக்கறேன். டீன் ரூம்ல மீட்டிங் என்னாச்சு? அதை மட்டும் சொல்லு.

— முடிஞ்சுது. நீ அவர் மேசை மேல சாஞ்சதோட முடிஞ்சுது.

— சாயல. உக்காந்தேன்.

— நாற்காலி இல்லாத இடத்துல எப்படிம்மா உக்காருவே? என்னை க்ளாஸ்லேர்ந்து கூப்பிட்டாங்க. பாதி வழி ஓடியே வந்தேன். உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டேன்.

— ஒண்ணும் ஆகல பாரு. காலையில சாப்பிடல, அவ்வளவுதான்.

— நேத்து ராத்திரி?

— நேத்து... சரி விடு.

— என்னங்க, அம்மாவும் பொண்ணும் இங்கேயும் சண்டையா?

— இல்ல சிஸ்டர், சும்மா பேசிட்டிருக்கோம்.

— பாட்டில் பாதிதான் இறங்கியிருக்கு. முடிஞ்சதும் கூப்பிடுங்க. நான் இந்த க்ளினிக்ல எத்தனையோ வருஷமா இருக்கேன்மா. படிக்கிற பசங்க மயங்கி விழுந்தா பெத்தவங்க வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க. பெத்தவளுக்குப் பொண்ணு கையெழுத்துப் போட்டதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.

— நானும் இங்க படிக்கிறவதான் சிஸ்டர். வரலாறு, ரெண்டாம் வருஷம். இவ எனக்கு சீனியர், மருந்தியல் கடைசி வருஷம்.

— உங்களைத் தெரியாதா? எங்க வாசல்லயே உங்க போஸ்டர் ஒட்டியிருக்கு. ‘தினம் வந்து போகும் மாணவர்களுக்குப் படுக்க ஓர் இடம் வேண்டும்.’ இந்தாங்க, உங்களுக்குக் கிடைச்சிருச்சு. நல்லா படுங்க. நான் பக்கத்து ரூம்லதான் இருக்கேன்.

— சிரிக்காதடி.

— சிரிக்கல. சிஸ்டர் சொன்னது நியாயம்தானே? ஓய்வறை வேணும்னு கேட்டு அலைஞ்சே விழுந்தவ நீ ஒருத்திதான் இருப்பே.

— டாக்டர் என்ன சொன்னாரு?

— ரத்த அழுத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்காம். இப்படி எத்தனை நாளா தூங்காம இருக்காங்கன்னு கேட்டாரு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து சமைக்கிறே. பஸ்ஸைப் பிடிச்சு க்ளாசுக்கு வர்றே. க்ளாஸ் முடிஞ்சா மாணவர் சங்க வேலை. வீட்டுக்கு வந்து துணி, பாத்திரம். அப்புறம் புஸ்தகத்தை மூஞ்சி மேல கவுத்துப் போட்டுக்கிட்டு லைட்டைக் கூட அணைக்காம கிடக்கிறே. அது தூக்கமாம்மா?

— படிச்சுக்கிட்டே கண்ணு அசந்துடுது, என்ன பண்றது?

— படிப்பு, சங்கம், வீடு, மூணையும் ஒரே ஆள் தூக்கிட்டு நடக்க முடியாது, ஒண்ணை இறக்கி வைக்கச் சொல்லுங்கன்னாரு டாக்டர்.

— உங்கப்பாகிட்ட சொன்னியா?

— சொன்னேன். பதறிட்டாரு. வேலையிலேர்ந்து நேரா வர்றேன்னாரு. சங்கத்தை விடச் சொல்லுன்னாரு.

— அவர் எதை விடறாராம்?

— அம்மா...

— இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். வீட்டை இறக்கி வைக்கலாம்னு உங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்லையே, அதான்.

— சரி, அதை அவர் வந்ததும் அவர்கிட்டயே கேளு, நானும் உன் பக்கம் நிக்கறேன். இப்போ சங்கத்தைப் பத்திப் பேசுவோம். உங்க துணைச் செயலாளர் வெளியில நின்னுட்டிருந்தான். அம்மா பதவியிலேர்ந்து விலகிடுவாங்க, இனிமே நீயே பார்த்துக்கோன்னு சொல்லிட்டேன்.

— என்னைக் கேக்காமலா?

— மயங்கிக் கிடக்கிறவகிட்ட என்னத்தைக் கேக்கிறது?

— எழுந்திரிக்கிற வரைக்கும் பொறுத்திருக்கலாம் இல்ல? நானூத்துச் சொச்சம் பசங்க ஓட்டுப் போட்டு உக்கார வச்ச இடம்டி அது. நீ வாசல்ல நின்னு திருப்பிக் கொடுத்துட்டு வந்துட்டே.

— எனக்கு நீ வேணும்மா. சங்கத்துக்கு வேற ஆள் கிடைக்கும்.

— பேச்சு நல்லாத்தான் இருக்கு.

— என்னையே எடுத்துக்கோ. காலையில போய் மருந்துக்கடையைத் திறக்கிறேன். அங்கேர்ந்து நேரா க்ளாஸ். சாயங்காலம் பேட்மிண்டன் டீம். எதையாவது விட்டேனா? எங்கயாவது விழுந்தேனா? பிரிச்சு வச்சுக்கணும்மா. வேலைக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, தூக்கத்துக்கு இவ்வளவுன்னு. லாஜிக்காப் பாரு.

— உனக்கென்ன, ஹாஸ்டல்ல சிநேகிதி ரூம் இருக்குன்னு நீயே சொல்லியிருக்கே. மத்தியானம் போய்க் காலை நீட்டிப் படுத்துட்டு வர்றே. ஊர்லேர்ந்து பஸ்ல வர்ற பசங்க எங்க போகும்? லைப்ரரில தலையைக் கவுத்தா எழுப்பி விடறாங்க. கேன்டீன்ல உக்காந்தா இடத்தைக் காலி பண்ணுங்கறாங்க.

— என் கதையை விடு. உன்னைப் பத்தித்தானே பேசறோம்? உண்மையைச் சொல்லும்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தப் பதவி? போற வர்றவங்க எல்லாம் ‘செகரட்டரி அம்மா’ன்னு கூப்பிடறாங்களே, அதுக்குத்தானே? என்ன, முகத்தைத் திருப்பிக்கிறே, கோவமா?

— இல்ல. அதுவும் ஒரு காரணம்தான், பொய் சொல்ல மாட்டேன். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் தேர்தல்ல நின்னது அதுக்காக இல்ல.

— அப்புறம்?

— சிரிக்க மாட்டியே?

— சொல்லு.

— போன வருஷம் மழைக்காலத்துல ஒரு நாள் எனக்குத் தலை சுத்துச்சு. லைப்ரரி பழைய கட்டடத்துல, கீழ, மாடிப்படிக்கு அடியில ஒரு சந்து இருக்கு பாரு. யார் கண்ணுலயும் படாம கொஞ்ச நேரம் உக்காரலாம்னு குனிஞ்சு உள்ள போனேன். அங்க ஒரு அட்டைப் பெட்டியைப் பிரிச்சுத் தரையில விரிச்சிருந்துது. தலைக்கு வச்சுக்கப் பழைய பேப்பரைச் சுருட்டிக் கட்டியிருந்துது. நானும் அதுலயே படுத்துட்டேன். எழுந்தப்போ தலை சுத்தல் போயிடுச்சு.

— நீயா? அந்தத் தரையிலயா?

— ஏன், நான் படுக்கக் கூடாதா? அதுக்கப்புறம் வாரத்துல ரெண்டு மூணு தடவை போவேன். யாரோடதுன்னு பார்த்ததே இல்ல. அட்டையில நீளமா ஒரு முடி ஒட்டியிருந்துது, அதை வச்சு ஏதோ ஒரு பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு நாள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வச்சுட்டு வந்தேன். அடுத்த தடவை போனா பிஸ்கட் இல்ல. கவரை நாலா மடிச்சு ஓரமா வச்சிருந்துது. பாவம், என்ன பசியோ. அப்புறம் அப்பப்போ வைப்பேன். என்னடி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— ஒண்ணுமில்ல. சொல்லு.

— இன்னைக்கு டீன்கிட்ட இதைத்தான் சொன்னேன். இடமே இல்ல, பட்ஜெட் இல்லன்னு ஆரம்பிச்சாரு. நான் சொன்னேன், சார், இவ்வளவு பெரிய வளாகத்துல ஒரு பொண்ணு மாடிப்படிக்கு அடியில சுருண்டு படுத்துட்டுப் போகுது. எந்த வீட்டுப் பொண்ணோ தெரியாது. அதோட அம்மாகிட்ட எல்லாம் நல்லாப் போகுதுன்னுதான் சொல்லிட்டிருக்கும்னேன். அதுக்கு மேல என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல. கண்ணு இருட்டிடுச்சு.

— சொன்னதே போதும்மா.

— ஏங்க, பாட்டிலைப் பார்க்க வந்தேன், ஒரு விஷயம் சொல்ல மறந்தே போயிட்டேன். நீங்க தூங்கும்போது, பொண்ணு வெளியில பேசிட்டிருந்தப்போ, உங்க டீன் இங்க வந்துட்டுப் போனாரு.

— எதுக்கு சிஸ்டர்? என்னைத் திட்டவா?

— அந்த மனுஷன் முகத்துல ஈயாடல. லைப்ரரி பக்கத்துல பழைய வரைபட ரூம் பூட்டியே கிடக்காம். அதைச் சுத்தம் பண்ணிக் கட்டில் போடச் சொல்லிட்டேன், எழுந்ததும் அந்தம்மாகிட்ட சொல்லுங்கன்னாரு. முதல்ல பரீட்சை முடியற வரைக்கும் நடத்திப் பார்க்கலாமாம்.

— நிஜமாவா?

— நான் எதுக்குப் பொய் சொல்றேன்? அட, எழுந்திரிக்காதீங்க! ட்ரிப்ஸ் முடியல.

— படுக்கறேன், படுக்கறேன். ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். கேட்டியாடி? அந்தத் துணைச் செயலாளர் பையனுக்கு இப்பவே போன் பண்ணி, அம்மா விலகலன்னு சொல்லு.

— அம்மா, மறுபடியுமா?

— முழுசாக் கேளு. கட்டில் வந்து இறங்கற வரைக்கும்தான் நான். அதுக்கப்புறம் அவனே பார்த்துக்கட்டும், கெட்டிக்காரப் பையன்தான். ராத்திரிச் சமையலை உங்கப்பா பார்த்துக்கட்டும், நானே பேசிக்கறேன். படிப்பை மட்டும் விட மாட்டேன்.

— சரி. இப்பவே போன் பண்றேன்.

— இன்னொண்ணு. அந்த ரூம்ல முதல் கட்டில் அந்தப் பொண்ணுக்குத்தான். யாருன்னு விசாரிச்சுக் கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டா பயந்து ஒளிஞ்சுக்கும். உன் வயசுப் பொண்ணு கூப்பிட்டா வரும்.

— வந்தா திட்டுவியா?

— நான் எதுக்குடி திட்டணும்? பக்கத்துல உக்கார வச்சு, நீ ஏன் யார்கிட்டயும் சொல்லலன்னு ஒரு வார்த்தை கேப்பேன். அவ்வளவுதான்.

— அப்போ இப்பவே கேளும்மா. பக்கத்துலதான் உக்காந்திருக்கா.