கையைக் குறுக்கே போடுவதுதான் முறை

ஸ்டேஷன் நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, சார். டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு முதுகு சாய்க்க இடம் கிடைப்பதே அபூர்வம்.

எங்கள் பேண்டின் கீபோர்டுக்காரர் ஓட்டல் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாராம். பார்த்திருப்பார். வாசிக்கும்போதுதான் அவருக்குக் கவனம் இருக்காது.

விஷயம் இவ்வளவுதான். டிரம்ஸில் இடது பக்கம் ஹை-ஹாட், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெண்கலத் தட்டு. நடுவில், தொடைகளுக்கு இடையே, ஸ்நேர் என்கிற சின்ன டிரம். முறையாக வாசிக்கிறவன் வலது கையை இடது கைக்கு மேலே குறுக்காகக் கொண்டுபோய்த் தட்டை அடிப்பான். கீழே அடைபட்டுக் கிடக்கும் இடது கை ஸ்நேரை அடிக்கும். குச்சியோடு குச்சி இடிக்கும், தோள் வலிக்கும். வலித்தால்தானே அது வித்தை? ஓட்டல் பேண்டில் இத்தனை காலமும் நான் கைகட்டி நிற்கிற மாதிரியேதான் வாசித்தேன். முதலாளிக்கும் அந்தத் தோரணை பிடித்திருந்தது.

என் மனைவியின் தம்பி, பாவம், சோம்பேறி. பக்கத்தில் இருக்கிற தட்டைப் பக்கத்தில் இருக்கிற கையாலேயே அடிப்பான். இடது கை தட்டில், வலது கை ஸ்நேரில். குறுக்கே ஒன்றும் கிடையாது. நெஞ்சைத் திறந்துபோட்டு உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு வேறு வாசிப்பான்.

எனக்குத் தோள் பிடித்துக்கொண்டபோது, சில நாள் அவன் உட்காரட்டும் என்று நானேதான் பெருந்தன்மையாக அழைத்துவந்தேன். தோள் சரியாகித் திரும்பிப் போனால், பாடகி மைக்கைத் துடைத்தபடி சொன்னார்:

“இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே. தம்பி வாசிச்சா பாட்டுக்கு மூச்சு விட எடம் கெடைக்குது.”

அதுவரை பாட்டின் கழுத்தை நான்தான் நெரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

வீட்டில் மனைவி ஆறுதல் சொன்னாள். “நீங்களும் அவன மாதிரி மாத்தி வாசிச்சுப் பாருங்களேன். அவனே சொல்லித் தரேங்கறான்.”

நல்ல குடும்பம், சார். உதவுகிற குணம் எல்லோருக்கும் ரத்தத்திலேயே இருக்கிறது. கதவைத் தாழிட்டுக்கொண்டு அப்படியும் வாசித்துப் பார்த்தேன், ஆராய்ச்சிக்காகத்தான். இடது கை நொண்டியடித்தது. அந்த முறையே தப்பு என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

நேற்று மதியம் டிரம்ஸை வேனில் ஏற்றினோம். பக்கவாட்டில் இழுத்துச் சாத்துகிற கனமான கதவு. அவன் உள்ளே உட்கார்ந்து, பெரிய டிரம் உருளாமல் இடது கையால் அணைத்துக்கொண்டு, வலது கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தான்.

“மாப்ளே, கைய மாத்திக்க. வலது கையால டிரம்ம அணைச்சுக்க. இடது கையால நிலையப் புடி.”

“இப்படியா, அத்தான்?”

“அதேதான். அப்படியே இரு.”

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையைக் குறுக்கே போட்டான். பார்க்க லட்சணமாக இருந்தது. கதவைச் சாத்தினேன்.

அந்த விரல்கள் இனி மடங்காது என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் என்னைத் தேற்றினான்.

“நீங்க அழாதீங்க அத்தான். பதட்டத்துல தெறக்கறதுக்குப் பதிலா மறுபடி சாத்திட்டீங்க. யாருக்கும் நடக்கறதுதானே?”

உங்களிடமும் அதையேதான் சொல்லியிருப்பான். பிள்ளைப்பூச்சி மாதிரி, யாரையும் குறை சொல்லத் தெரியாது.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். ஒழுங்கு என்று போடுங்கள். பதட்டம் என்றும் வேண்டாம். எனக்குத் தாளம் தப்பியதே கிடையாது. முதல் தடவை கதவு சரியாகப் பதியவில்லை. அதனால் திறந்து, இன்னும் நன்றாக இழுத்து, இரண்டாம் தடவை சாத்தினேன். அரைகுறையாகச் சாத்திய கதவோடு வண்டியை எடுத்தால், உள்ளே இருக்கிறவனுக்கு ஏதாவது ஆகிவிடாதா?