மூன்றாவது பாட்டில் பொக்லைன்

மந்தைவெளியில் ரயிலேறி வேளச்சேரி வரை கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் விடுகிறார்களா? எதிர் சீட்டில் இரண்டு இளைஞர்கள், ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டியிருந்தார்கள். கறுப்பு டீஷர்ட்காரன் தன் பக்கத்தைக் கழற்றினான்.

“ஆல்பம் சூப்பரா கீது மச்சி. அதான் பேஜாரா கீது.”

“இன்னாடா சொல்ற? அரசியல் பேசுற ராக் வேணும்னு நீதான கேட்டுக்கினு இருந்த?”

“மூணாவது பாட்டு ஸ்டார்ட்டிங்ல ஒரு சத்தம் வருதே, அது இன்னா தெரியுமா?”

“கம்ப்யூட்டர்ல போட்ட மியூசிக்.”

“பொக்லைன்டா. குடிசை இடிக்கிறப்போ ரெகார்ட் பண்ணி பாட்டுக்கு பீட்டா மாத்திக்கீறாங்க. சிந்தாதிரிப்பேட்டைல எங்க வீட்ட இடிச்சப்போ இதே சத்தம்தான். அம்மா காதைப் பொத்திக்கினு ரோட்டுலயே குந்திடுச்சு.”

“நல்லதுதான? உங்க கதைய ஊருக்கே சொல்றாங்க.”

“போன வாரம் அடையாறுல இவங்க பண்ண ஷோல அந்தச் சத்தம் வந்ததும் மொத்தக் கூட்டமும் கையத் தூக்கிக்கினு குதிச்சுது.”

“அவங்களுக்கு இன்னா தெரியும், விடு.”

திருவான்மியூரில் பாதிப் பெட்டி இறங்கியது. ரயில் கிளம்பியதும் கறுப்பு டீஷர்ட்காரன் தன் பக்கத்து இயர்போனையும் நண்பனிடம் கொடுத்தான்.

“நானும் குதிச்சேன்டா.”