ரயிலின் வாசற்படியில் நாம் வைத்த பெயர்கள்

இந்தக் கூட்டத்தின் தலைவர், ஆவடி வட்டார ரயில் பயணிகள் நலச் சங்கத்தை ஒன்பது ஆண்டுகளாகத் தோளில் தூக்கிச் சுமக்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா பக்தவத்சலம் அவர்களே! வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கி, இரண்டு ஜோடிச் செருப்பைத் தேய்த்த செயலாளர் அண்ணன் வேலுசாமி அவர்களே! என் முதுகுக்குப் பின்னால் தொங்குகிற துணியிலே, ஆளுயர எழுத்திலே, "பெயரை மாற்றுக" என்று பூந்தமல்லியிலிருந்து வந்து எழுதித் தந்த ஓவியர் ஹாஜா மொய்தீன் பாய் அவர்களே! நெல்லையிலே பிறந்து, சேலத்திலே பிறந்து, தஞ்சையிலே பிறந்து, படைக்கலத் தொழிற்சாலை வேலைக்காக இந்த ஆவடிக் குவார்ட்டர்ஸையே சொந்த ஊராக்கிக்கொண்ட பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமை மாலையிலே, ஊற வைத்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைத்த நண்பர்களே, கிடைக்காமல் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருக்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் லேத்துப் பட்டறைத் தொழிலாளி, டர்னர் உத்தமனின் பணிவான வணக்கம்.

இன்றைக்கு என்னை எதற்கு மேடை ஏற்றியிருக்கிறார்கள்? ஒரு தீர்மானத்தை வழிமொழிய! நகரத்து ரயில் நிலையங்களின் குழப்பமான பெயர்களை மாற்றித் தெளிவான பெயர் சூட்ட வேண்டும்; முதற்படியாக, பட்டரவாக்கம் நிலையத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட் என்று பெயர் வைக்க வேண்டும். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து யாருடையது தெரியுமா? இதோ, மைக்கின் முன்னால் நிற்கும் இந்த உத்தமனுடையது. நாளைக் காலை பதினொரு மணிக்குத் தலைவர் அந்த மனுவை ரயில்வே அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வதாக ஏற்பாடு.

அந்த முதல் கையெழுத்தை ஏன் போட்டேன்? அதைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

வேப்பம்பட்டிலே கன்னியம்மாள் என்று ஒரு பெண். கணவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே, அதாவது நம் எஸ்டேட்டிலே, ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். இரண்டு பெண் குழந்தைகள். தொழிற்சாலைக்காரர்கள் இரக்கப்பட்டு, பேக்கிங் பிரிவிலே அந்த அம்மாவுக்கு வேலை தருவதாகக் கடிதம் போட்டார்கள். பட்டரவாக்கம் நிலையத்தில் இறங்கி, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குள் வர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இந்தத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுத் தை மாதத்திலே நடந்தது இது.

அந்த அம்மா எட்டரைக்கு வரவில்லை. ஒன்பதேகாலுக்கு வந்தார். வேலை அடுத்த ஆளுக்குப் போயிருந்தது.

பத்து மணிக்கு நான் எஸ்டேட்டிலே இருக்கும் எங்கள் பட்டறையிலிருந்து தேநீர் குடிக்க வெளியே வருகிறேன். பக்கத்துக் கம்பெனி கேட்டுக்கு எதிரே, சாக்கடைக் கல்லின்மேல், கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண். அழவில்லை. மடித்த கடிதத்தைப் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார். விசாரித்தேன். இறங்க வேண்டிய நிலையம் தெரியாமல் வில்லிவாக்கம் வரைக்கும் போய்விட்டாராம். கையிலே பட்டரவாக்கம் வரைக்கும்தான் டிக்கெட். பரிசோதகர் பிடித்துவிடுவாரோ என்று பயந்து நெடுநேரம் தூண் மறைவிலே நின்று, பிறகு ஒரு வண்டி பிடித்துத் திரும்பி வந்திருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம்! எஸ்டேட்டுக்கு வருகிறவர்கள் இறங்குகிற இடத்துக்கு எஸ்டேட் என்று பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும்? பெயரிலே தெளிவிருந்தால் இந்தப் பெண்ணின் வேலை பிழைத்திருக்குமே! அன்று மாலையே தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அப்படிப் பிறந்ததுதான் இந்த மனு. (ஆமாம் ஐயா, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தீர்கள், மறக்கவில்லை.)

சரி, பட்டரவாக்கம் மட்டும்தானா? மற்ற நிலையங்களின் சேதி என்ன? எனக்கு ஓர் ஆசை பிடித்தது. பாக்கெட் நோட்டு ஒன்று வாங்கினேன். மூன்று வாரம், போகிறபோதும் வருகிறபோதும், பார்த்தவரிடமெல்லாம் ஒரே கேள்வி: "இந்த ஸ்டேஷனுக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்?"

அடடா, அந்த நோட்டை என்னவென்று சொல்வேன்! பெரம்பூர் என்று ஒரு நிலையம். அதையடுத்துப் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ். அதையடுத்துப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெரம்பூர்! குவார்ட்டர்ஸ் ஞானம்மாள் அக்காவை உங்களுக்கெல்லாம் தெரியும், நெல்லைச் சீமைக்காரர். அவருடைய தம்பி ஊரிலிருந்து வந்து முதல் பெரம்பூரில் இறங்கி நிற்க, அழைத்துப் போக வந்த அத்தான் லோகோவிலே நிற்க, காலை முழுக்க இருவரும் ஆளுக்கொரு பிளாட்பாரத்தைக் காவல் காத்திருக்கிறார்கள். அக்கா என்னிடம் சொன்னார்: "ஏம் தம்பி, ஒரு பேர மூணு எடத்துல எழுதிப் போட்டா வெளியூர்க்காரன் எங்கன போயி நிப்பான்? எந் தம்பி கொண்டாந்த கருப்பட்டி பூராம் வெயில்ல உருகிப் போச்சு!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். தினசரி போகிறவர்களுக்குக் குழப்பம் உண்டா என்றால், இல்லை. அவர்கள் பெரம்பூர், கேரேஜ், லோகோ என்கிறார்கள், தீர்ந்தது. அண்ணனூரை என்ன சொல்கிறீர்கள்? அங்கே மின்சார ரயில் பணிமனை இருப்பதால், ஷெட்டு! இந்துக் கல்லூரியை? காலேஜ்! பட்டாபிராமுக்கு அப்பால் கிளை பிரிகிற பாதையை? சைடிங்! பட்டரவாக்கத்தை? (அதோ, பின்வரிசையே சொல்லிவிட்டது!) எஸ்டேட்டு!

பலகையிலே ஒரு பெயர், பயணிகளின் பேச்சிலே ஒரு பெயர்! யார் வைத்தார்கள் இதை? எந்த மந்திரி வைத்தார்? எந்த அதிகாரி கையொப்பமிட்டார்? நாம் வைத்தோம்! மனுப் போடாமல், மாநாடு கூட்டாமல், ரயில் வாசற்படியிலே நின்றபடி நாமே வைத்தோம். நோட்டை மூடியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் ஒரு பையன் குறுக்கே வந்தான். அன்வர் பாஷா. வெல்டர். எனக்கு எதிர்ப்படியில் தொங்குகிறவன். "தம்பி, நாளைக்கே சர்க்கார் அம்பத்தூர் எஸ்டேட் என்று புதுப் பலகை நட்டால், நீ அந்தப் பெயரையா கூவுவாய்?" என்று கேட்டேன்.

"அம்மாம் நீட்டுப் பேர எவன் நைனா கூவுவான்? வண்டி நிக்கறதே அரை நிமிஷம். டக்குனு வேற பேரு வெச்சிருவோம்!" என்றான்.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் அந்தப் பதில் காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

குவார்ட்டர்ஸ் தாய்மார்களே, ரயிலேறிப் பழக்கமில்லாதவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். காலை வண்டியின் நடுவிலே நிற்கிறவருக்கு வெளியே எதுவும் தெரியாது. தோள் தெரியும், தூக்குச்சட்டி தெரியும், பலகை தெரியாது. அதனால் நம் தடத்திலே ஒரு வழக்கம். வாசலில் நிற்கிறவன் நிலையத்தின் பெயரைக் கூவுவான். உள்ளே இருப்பவர் கேட்டு இறங்குவார். யாரும் சம்பளம் தருவதில்லை. யாரும் சொல்லி வைப்பதுமில்லை. கதவோரம் இடம் பிடித்தவன் செய்ய வேண்டிய தர்மம் அது. பதினான்கு வருடமாக ஏழு நாற்பது வண்டியிலே, இஞ்சினுக்கு அடுத்தாற்போல இருக்கும் பெட்டியிலே... (ஆமாம், ஆமாம், மின்சார ரயிலுக்கு ஏது தனி இஞ்சின்! முதல் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், தம்பி.) முதல் பெட்டியிலே அந்தத் தர்மத்தைச் செய்து வருகிறேன். என் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்கும் என்று நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வாரம், மனுவிலே கன்னியம்மாளின் வாக்குமூலத்தையும் சேர்க்கலாம் என்று வேப்பம்பட்டுக்குப் போனேன். பாய் விரித்து உட்கார வைத்தார். நீர்மோர் தந்தார். நான் நோட்டைத் திறந்து, "அன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லம்மா" என்று கேட்டேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "அண்ணே, நீங்க கதவாண்ட நின்னு கூவுற ஆளுதானே?" என்றார்.

"எப்படியம்மா தெரியும்?" என்றேன்.

"மொகம் பாக்கல. கொரலு தெரியுது. அன்னிக்கு ஆவடியில ஒருத்தரக் கேட்டேன், பட்டரவாக்கம் வருமான்னு. 'வரும்மே, கதவாண்ட கூவுவாங்க, கேட்டுகினு எறங்கிக்கோ'ன்னாரு. நானும் காதத் தீட்டிகினு நின்னேன். நீங்க ஷெட்டுன்னீங்க. முல்லவாயல்னீங்க. அம்பத்தூருன்னீங்க. அப்பறம் எஸ்டேட்டு, எஸ்டேட்டுன்னு கூவிட்டு நீங்களே எறங்கிப் போயிட்டீங்க. எஸ்டேட்டுன்னா வேற ஸ்டேசனுன்னு நெனச்சிகினு, நான் பட்டரவாக்கம்னு சொல்லுவீங்கன்னு காத்துகினு இருந்தேன் அண்ணே."

தோழர்களே! தாய்மார்களே! கையிலே கடிதம், கடிதத்திலே பட்டரவாக்கம். பிளாட்பாரத்திலே பலகை, பலகையிலே பட்டரவாக்கம். பெயரிலே பிழை எங்கே? பலகையிலே பிழை எங்கே? கடிதம் எழுதிய குமாஸ்தாவிடம் பிழையா? வண்டி ஓட்டியவரிடம் பிழையா? அந்தப் பெட்டியிலேயே பட்டரவாக்கத்தை மறைத்து வைத்தது ஒன்றே ஒன்றுதான். அது இந்த வாய்! கணீரென்று ஒலிக்கும் என்று கர்வப்பட்டேனே, இதே வாய்! அந்தப் பெண்ணின் வேலையைப் பறித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் தேநீர் குடிக்க வந்து, ரயில்வேயைத் திட்டிவிட்டு, முதல் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

(தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "தீர்மானத்தை வழிமொழிகிறாயா இல்லையா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி ஐயா, வந்துவிட்டேன்.)

பெயரை மாற்ற வேண்டுமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. மூன்று பெரம்பூரை நினைத்தால் வேண்டும் என்று தோன்றுகிறது. அன்வர் பாஷாவின் பதிலை நினைத்தால், நம் வாயைத் திருத்தாமல் பலகையைத் திருத்தி என்ன பயன் என்று தோன்றுகிறது. பட்டரவாக்கத்திலே பிறந்து வளர்ந்தவர் என்ன சொல்வார் என்று என் நோட்டிலே ஒரு வரிகூட இல்லை. ஆயிரத்து நூற்று நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கிய நாம் அந்த ஊர்க்காரர் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை! ஆகவே தலைவர் அவர்களே, கோபிக்காதீர்கள். மனுவை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். கேட்க வேண்டியவர்களைக் கேட்டுவிட்டு வருகிறேன். அதுவரை என்னால் வழிமொழிய இயலாது.

மனு காத்திருக்கலாம். காத்திருக்க முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. எங்கள் பட்டறையிலே பேக்கிங் பிரிவில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. சூப்பர்வைசரிடம் போய் நின்றேன், நடந்ததைச் சொன்னேன். "நாளைக்கு எட்டரைக்கு வரச் சொல். அதற்குமேல் முதலாளியிடம் என்னால் தாக்குப்பிடிக்க முடியாது" என்றார். நாளைக் காலை கன்னியம்மாள் மறுபடி அதே வண்டியில், அதே நிலையத்துக்கு வருகிறார்.

"நீயே போய்க் கூட்டி வந்தால் என்னய்யா?" என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார். நானும் அதைத்தான் சொன்னேன் தாயே! வேப்பம்பட்டுக்கே வருகிறேன் என்றேன். அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "தெனமும் வந்து கூட்டினு போவீங்களா? நானே வரேன் அண்ணே. நீங்க சரியா கூவுங்க, அது போதும்."

எந்தப் பெட்டியில் ஏறுவாயம்மா என்று கேட்டேன். "எது எதுத்தாப்புல நிக்குதோ, அதுல" என்றார்.

ஒன்பது பெட்டி! எனக்கு இருப்பதோ ஒரே வாய்! முதல் பெட்டியில் நான் கூவினால் ஆறாவது பெட்டியில் கேட்குமா? நடுப்பெட்டியில் அவர் நின்றால் யார் சொல்வது? அன்வர் பாஷா, நீ எங்கே நிற்கிறாய்? கையைத் தூக்கு! பட்டாளத்துப் பெட்டி என்று பெயர் வாங்கிய குவார்ட்டர்ஸ் தோழர்களே, நாளைக்கு உங்கள் பெட்டியில் யார்? மகளிர் பெட்டித் தாய்மார்களே, வாசலோரம் நிற்கிற சகோதரிகளே, உங்களில் யார்? இத்தனை வருடம் சுருக்கிச் சொன்ன நாக்கை நாளை ஒரு நாள் நிமிர்த்துவோம்! அண்ணனூர் என்போம்! திருமுல்லைவாயல் என்போம்! அம்பத்தூர் என்போம்! அதற்கடுத்த நிலையத்திலே, ஒன்பது பெட்டியின் எல்லா வாசலிலும், இறங்குவதற்கு முன்னால் இரண்டு முறை... எங்கே, இப்போதே ஒருமுறை சொல்லுங்கள் பார்ப்போம்!

பட்டரவாக்கம்!

சைக்கிள் பக்கம் கேட்கவில்லையே!

பட்டரவாக்கம்!

போதும். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பேச வாய்ப்பளித்துவிட்டு இப்போது என்னை முறைத்துக்கொண்டிருக்கும் தலைவருக்கும், கடைசிவரை இருந்து கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. நாளை ஏழு நாற்பதுக்கு, ஆவடி முதலாம் பிளாட்பாரத்தில், பெட்டிக்கொருவராக உங்களைப் பார்க்கிறேன். வணக்கம்.