வெறும் மணலில் தங்கம்

— திரும்பவும் சொல்றேன், சந்தோஷப்படாதீங்க. நீங்க மண்ணெடுத்த ஓடை அத்தனையிலயும் தங்கம் இருக்குன்னு லேப் சொல்லுது. அதுதான் பிரச்சனையே.

— தங்கம் இல்லேன்னாலும் திட்டு, இருந்தாலும் திட்டு. உனக்கு என்னதாம்மா வேணும்?

— அம்மா கிம்மாவெல்லாம் இங்க வேண்டாம். நான் உங்களை விட்டுட்டு அக்கா வீட்டுக்குப் போய் ரெண்டு மாசமாச்சு. ஆபீஸ்ல நீங்க சாம்பிள் எடுக்கறவர், நான் அதைச் சரிபாக்கறவ. அவ்வளவுதான்.

— சரிங்க மேடம். தப்பு எங்கன்னு சொல்லுங்க மேடம்.

— சாம்பிள் பெட்டிக்கு ஒரு பை வெறும் மணல் வைக்கச் சொன்னேன்ல? எதுவுமே கலக்காத மணல், சோதனைக்கு.

— வச்சேனே. என் கையாலதான் அள்ளிப் போட்டேன்.

— அதுலயும் தங்கம் இருக்கு.

— அப்ப லேப்காரன் சொதப்பியிருப்பான்.

— அவன் தலையில கட்டாதீங்க. கிழக்குப் பக்கம் போனவங்க பெட்டியும் அதே நாள், அதே மெஷின்லதான் போச்சு. அது சுத்தமா இருக்கு. உங்களுது மட்டும்தான் ஜொலிக்குது.

— நம்ம ஆபீஸ் பெரியவர் மலையில துளை போடற மெஷினுக்குச் சொல்லிட்டாராமே?

— நாளைக்கு வருது. நான் கையெழுத்து போட்டா, இல்லாத தங்கத்துக்கு மலையைக் குடைவாங்க. போடலேன்னா, நீங்க கால் தேய நடந்து எடுத்த மண்ணெல்லாம் குப்பை, உங்க வேலையும் போயிடும். என் உயிரை வாங்கறதுக்குன்னே பிறந்திருக்கீங்க.

— நான் எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். பிளாஸ்டிக் கரண்டி, புதுப் பை, ஒவ்வொரு இடத்துலயும் சல்லடையைக் கழுவி...

— கையைக் காட்டுங்க.

— எதுக்கு?

— மேஜைக்கு அடியில ஏன் ஒளிக்கிறீங்க? காட்டுங்கன்னா. அட கடவுளே, கல்யாண மோதிரம். இதைப் போட்டுக்கிட்டா சல்லடையில மண்ணைத் தேய்ச்சீங்க? கழட்டி வைக்கணும்னு முதல் நாளே சொல்லிக் குடுக்கறாங்களேங்க.

— தெரியும்.

— தெரிஞ்சுமா? புதுசா வந்தவங்களுக்கு இதை நீங்கதானே சொல்லுவீங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட மறந்ததில்லையே, இப்ப மட்டும் என்ன வந்துச்சு? எனக்கு வர்ற கோவத்துக்கு... சரி, சொல்லுங்க. சாம்பிள் கெட்டதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் என்னன்னு எழுதட்டும்?

— இத்தனை வருஷமும் காலையில கிளம்பறப்ப கழட்டி உன் கையிலதானே குடுத்துட்டுப் போவேன். இப்ப யார்கிட்ட குடுக்கட்டும்?