நேராக விழுந்த கையெழுத்து

படம் பார்க்கப் பொறுமை வேண்டும், ஐயா. என் தம்பி தகட்டில் கீறி அச்சடிப்பான். நான் அதற்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டு விற்பேன். பார்க்கும் பொறுமை எனக்குத்தான் அதிகம்.

அந்தப் படம் உள்ளங்கை அளவுதான். முதுகைக் காட்டி உட்கார்ந்து தலை துவட்டும் ஒரு பெண். தாமிரத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்து எடுத்த கோடுகள். கழுத்து வளைவில் மயிரிழையாக மெலிகின்றன. ஈரக் கூந்தலில் ஒன்றோடொன்று பின்னிக் கறுத்துவிடுகின்றன. முகமே இல்லை. ஆனாலும், பின்னால் நிற்பவனை அவள் முழுதாக நம்புகிறாள் என்று தெரிகிறது. சொக்கிப்போனேன்.

இடது தோளுக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மைக்கறை இல்லை, மச்சம். என் மனைவிக்கும் அங்கேதான்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்பவன் அல்ல நான். அச்சில் இடம் வலம் மாறும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் கீழே இருந்த தம்பியின் கையெழுத்தைப் பார்த்தேன். எழுத்துகள் நேராக இருந்தன. அப்படியானால் படமும் நேர்தானே?

பட்டறையில் தம்பி அச்சு இயந்திரத்தின் உருளைக்கடியில் தாளை நுழைத்துக்கொண்டிருந்தான். "இது யாருடா?" என்று படத்தைக் காட்டினேன். வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"முகம் தெரியாமத்தானே போட்டிருக்கேன். விடுண்ணா."

"என் வீட்டுக்காரியா?" என்று கேட்டுக்கொண்டே உருளையை ஓட்டும் சக்கரத்தைச் சுற்றினேன். அவன் விரல்கள் முதலில் உள்ளே போயின, பிறகு மணிக்கட்டு.

"ஐயோ, அண்ணி இல்லண்ணா. என் பொண்டாட்டிண்ணா. கையெழுத்த மட்டும் தகட்டுல திருப்பி எழுதுவேண்ணா, நேரா விழணும்னு."

வலியில் மனிதன் எதையும் சொல்வான். சக்கரத்தின் இரும்புக் கைப்பிடியைக் கழற்றி, பேச்சு நிற்கும்வரை அடித்தேன்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மச்சத்தைப் பற்றிக் கேட்டேன்.

"என் முதுகுல மச்சமா? எனக்கே தெரியாதே. எங்க, தொட்டுக் காட்டுங்க" என்று திரும்பி உட்கார்ந்தாள். படத்தில் இருந்ததுபோலவே உட்கார்ந்தாள். கைப்பிடி பையில் இருந்தது. எடுத்தேன்.

தம்பி மனைவிக்கு வலது தோளுக்குக் கீழே மச்சம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். கையெழுத்தை நேராக விழவைக்கத் தெரிந்தவனுக்கு, மச்சத்தை அதன் இடத்தில் வைக்கத் தெரியாதா? இரண்டு பேரையும் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கவனக்குறைவு மட்டும் அவனுடையது.